வாசகர் கேள்வி–பதில்: மலைக்குளிரில் கேக் அடுக்குகளை ஆறவைத்தல்

கேள்வி: வீட்டிலிருந்தபடியே பிறந்தநாள் கேக் செய்து கொடுத்து வருகிறேன். ஐசிங் செய்வதற்கு முதல் நாள் மாலையில் கேக் அடுக்குகளைச் சுட்டு, அடுக்களை மேடையில் ஆறவைத்து, இரவில் கிளிங் ராப்பில் சுற்றி வைத்துவிடுவேன். கோவையில் இருந்தவரை இந்த முறையில் எந்தக் குறையும் வந்ததில்லை. இங்கு குடிவந்த பிறகு சில நாட்களில் அடிப்பாகம் சொதசொதவென்று ஈரமாகிவிடுகிறது. சில நாட்களில் கேக் முழுவதும் விறைத்து, பழையது போல் ஆகிவிடுகிறது. இவ்வளவு குளிரான ஊரில் கேக் சீக்கிரம் ஆறத்தானே வேண்டும்? — வாசகி ஒருவர், கோத்தகிரி

பதில்: ஆறத்தான் செய்கிறது, ஆனால் மேலே மட்டும். கேக் என்பது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த பொருள் என்பதால், அதன் நடுவிலுள்ள சூடு மிக மெதுவாகவே வெளியேறும். குளிர்ந்த அடுக்களையில் மேற்பரப்பும் ஓரமும் விரைவில் சில்லிட்டுவிடுவதால், தொட்டுப் பார்க்கும் கை ஏமாந்துபோகிறது. அந்த நிலையில் சுற்றிவிட்டால், உள்ளிருந்து வரும் ஆவி கிளிங் ராப்பின் உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து மீண்டும் கேக்கிலேயே இறங்குகிறது. எனவே மேற்பரப்பை நம்பாமல், அடுக்கைக் கவிழ்த்து அடிப்பாகத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே இளஞ்சூடுகூடத் தெரியாதபோதுதான் சுற்ற வேண்டும்.

அடிப்பாகம் மட்டும் ஈரமாவதற்கு உங்கள் மேடையும் காரணமாக இருக்கலாம். கருங்கல் அல்லது கடப்பா கல் மேடை மலைக்குளிரில் ஜில்லென்று இருக்கும். அதன்மீது குட்டைக் கால்களுள்ள கம்பித் தட்டை வைத்தால், கேக்கிலிருந்து கீழே வரும் ஆவி கல்லில் பட்டு வியர்த்து அங்கேயே தேங்கி நிற்கும். கம்பித் தட்டின் நான்கு மூலைகளிலும் ஒரே உயரமுள்ள டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து உயர்த்திவிட்டால் அடியில் காற்று நன்றாக ஓடும். மேசை மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைப்பதும் தவறில்லை. ஆனால் வெளியே மஞ்சு இறங்கியிருக்கும்போது காற்றுக்காக ஜன்னலைத் திறக்காதீர்கள். சர்க்கரை ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால், கேக்கின் மேல்தோல் கொஞ்ச நேரத்திலேயே பிசுபிசுத்துப்போகும். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுப்பதால், ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை.

டின்னிலிருந்து எடுக்கும் நேரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. இட்லியை இறக்கியவுடன் எடுத்தால் பிய்ந்துபோவதைப் போலவே கேக்கும் உடையும் என்பதால், 10 முதல் 15 நிமிடம் டின்னிலேயே விட வேண்டும். அதற்கு மேல் விட்டால், குளிரில் டின்னில் தடவிய வெண்ணெய் உறைந்து கேக்கைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டால் கத்தியால் நெம்பாமல், டின்னின் அடியைச் சிறு தீயில் சில வினாடிகள் சுற்றிக் காட்டுங்கள். வெண்ணெய் இளகி, கேக் தானாகவே விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் முட்டை நுரையால் எழும்பும் ஷிஃபான் கேக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அதை டின்னோடு தலைகீழாக நிறுத்தி, முழுவதும் ஆறிய பிறகே எடுக்க வேண்டும்.

இனி விறைப்புக்கு வருவோம். மாவிலுள்ள ஸ்டார்ச் சுடும்போது நீரை உறிஞ்சி இளகி, ஆறிய பின் மெல்ல மீண்டும் இறுகுகிறது. பிரெட்டும் கேக்கும் பழையதாவதற்கு முக்கியக் காரணம் இதுவே. இந்த இறுக்கம் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், அதாவது ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில் நிலவும் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. மார்கழி, தை இரவுகளில் உங்கள் அடுக்களையும் அந்த நிலையை நெருங்கிவிடுவதால், கோவையில் மறுநாள் மெத்தென்று இருந்த கேக் இங்கே கட்டையாகிறது. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதிப்பதால், சுடும்போதே கேக்கின் ஈரப்பதம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விடுவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆனாலும் முடிவு கட்டுவதற்கு முன் ஒரு துண்டை வெதுவெதுப்பான இடத்தில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அது மென்மையானால், உறைந்தது வெண்ணெய்தான். கேக்குக்கு ஒரு குறையும் இல்லை. எண்ணெய் சேர்த்துச் செய்யும் கேக்கில் இந்தத் தொல்லை குறைவு என்பதால், குளிர்கால ஆர்டர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

ஓர் இரவுக்கு மட்டும் என்றால், கிரீமோ பழமோ வைக்காத வெறும் அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அடுப்புக்கு அருகிலுள்ள அலமாரியில் வையுங்கள்; வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் வைப்பதென்றால் ஃப்ரிட்ஜைத் தவிர்த்து நேராக ஃப்ரீசருக்குப் போய்விடுவது நல்லது, ஏனென்றால் மைனஸ் 18 டிகிரியில் அந்த இறுக்கம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கிளிங் ராப்பில் இரண்டு சுற்று, அதன்மேல் அலுமினிய ஃபாயில், மேலே தேதி. ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். ஃபாயில் இல்லாமல் வைத்தால் பக்கத்திலிருக்கும் மீனின் வாடை வெனிலா கேக்கில் ஏறிவிடும். வெளியே எடுத்த பின் பிரிக்காமலே இளக விட்டால், வியர்வை கேக்கின்மேல் படியாமல் உறையின்மேல் படியும். மலைக்குளிரில் இளகுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் முந்தின மாலையிலேயே எடுத்து வைத்துவிடலாம். மேடாக இருக்கும் தலைப்பகுதியைச் சீவ வேண்டுமானால் முக்கால் பங்கு இளகியதும் சீவுங்கள், தூள் உதிராது. நடுவில் உறைந்திருக்கும்போதே பட்டர் கிரீம் முழுவதையும் பூசினால், பின்னர் கசியும் நீர் அதைத் தள்ளி உப்ப வைக்கும்.

ஓரங்கள் காய்ந்திருந்தால், சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கொதிக்க வைத்து ஆறிய பாகைப் பிரஷ்ஷால் ஓரத்தில் தாராளமாகவும் நடுவில் குறைவாகவும் தடவினால் போதும்.

கேள்வி: கொடைக்கானலில் அடுக்குகளைச் சுட்டு, வத்தலக்குண்டில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே ஐசிங் செய்ய வேண்டியிருக்கிறது. எப்படிக் கொண்டுபோவது? — வாசகர் ஒருவர், கொடைக்கானல்

பதில்: வெறும் அடுக்குகளாகக் கொண்டுபோவது மிக நல்ல முடிவு. நன்றாகச் சுற்றிய அடுக்குகளைத் தனித்தனி அட்டையின்மீது வைத்து, தட்டையான பெட்டியில் ஆடாமல் அடுக்குங்கள். வண்டியில் இருக்கையின்மேல் வைக்காமல் கால் வைக்கும் தளத்தில் வைத்தால் வளைவுகளில் சரியாது. போய்ச் சேர்ந்தவுடன் பிரித்துவிடக் கூடாது. குளிர்ந்த கேக்கின்மேல் சமவெளியின் வெப்பக் காற்று பட்டால், குளிர்பான பாட்டில் வியர்ப்பது போல் மேற்பரப்பு நனைந்து, கிரீம் ஒட்டாமல் வழுக்கும். பெட்டியை மூடியபடி இரண்டு மணி நேரமாவது விட்டு, கேக் அந்த ஊரின் வெப்பத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள்.