கேள்வி: உடல் கொழுப்பைக் காட்டும் வீட்டுத் தராசில் காலையில் கொழுப்பு 24%, அன்று மாலையே 20.5%. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் தனியாக நம்ப வேண்டாம். ஒரே நாளில் 3.5% கொழுப்பு கரையாது. மாறியது காலில் உள்ள நீர்.

மேலே ஏறி நிற்கும் தராசில் மின்னோட்டம் ஒரு பாதத்தில் நுழைந்து மறு பாதம் வழியாக வெளியேறுகிறது. பெரும்பாலும் கால்களைத்தான் அது அளக்கிறது. மீதி உடம்பைச் சூத்திரம் வைத்துக் கணக்கிடுகிறது. தடை கூடினால் கொழுப்பு கூடுதல் என்று எடுத்துக்கொள்ளும். இரவு படுத்திருக்கும்போது காலில் உள்ள நீர் மேலே ஏறிவிடும், மின்தடை கூடும், கொழுப்பு அதிகமாகக் காட்டும். பகலெல்லாம் நின்று நடந்தால் நீர் காலில் இறங்கும், தடை குறையும். உடற்பயிற்சியால் தோல் சூடாகி வியர்த்திருந்தால் தடை இன்னும் குறையும்.

தராசின் செயலியில் ஓம் (மின்தடையின் அலகு) அளவு தெரிகிறதா பாருங்கள். இரு வேளையும் ஓம் மாறினால் காரணம் இதுதான். ஓமும் எடையும் மாறாமல் கொழுப்பு மட்டும் மாறினால் உயரம், வயது, ‘அத்லெட்’ (விளையாட்டு வீரர்களுக்கான) அமைப்பைச் சரிபாருங்கள். அந்த அமைப்பு மாறினாலே சில சதவீதம் குதிக்கும்.

இனி காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன், எழுந்து 15 நிமிடம் நடமாடிவிட்டு அளந்து பாருங்கள். பாதத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தடித்த தோல் தடையைக் கூட்டும். 7 நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

‘உடல் நீர் %’ என்பதும் அதே ஓமிலிருந்து வருவதுதான். நீரிழப்பைக் கண்டுபிடிக்க அது உதவாது. அளக்குமுன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் எடை கூடும், தடை அசையாது. தராசு குடித்த தண்ணீரில் பெரும்பகுதியைக் கொழுப்புக் கணக்கில் எழுதும்!

பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) உள்ளவர்கள் இதில் ஏறவே கூடாது. கால் வீக்கம், டயாலிசிஸ் இருந்தால் எண்கள் பொருந்தாது.