பாலாற்று மணலுக்குக் கீழே: நீர்ச் சுழற்சி பற்றி வாசகர் கேள்விகள்

கத்திரி வெயிலில் இங்கே ஆவியாகிற தண்ணீர்தான் சாயங்காலம் இடிமழையாகக் கொட்டுகிறதா? (காட்பாடி)

கொஞ்சம்தான். உலகில் ஆவியாகும் நீரில் ஏறக்குறைய 86 சதவீதம் கடலிலிருந்து கிளம்புகிறது. மேலே போன ஈரம் சராசரியாக ஒன்பது, பத்து நாள் காற்றில் இருந்துவிட்டு எங்காவது மழையாக இறங்கும். வேலூர் வெயில் அந்த ஈரக் காற்றை மேலே தூக்கிவிடுகிறது. உயரத்தில் அது குளிர்ந்து மேகமாகிறது. காற்றில் ஈரமே இல்லையென்றால் 42 டிகிரி அடித்தாலும் மழை கிடையாது. புழுக்கம் தாங்கவில்லை, மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வது சரியான கணிப்பு.

பாலாறு வறண்டு கிடக்கிறது. கரையோரக் கிணற்றில் மட்டும் எப்படித் தண்ணீர்? (பள்ளிகொண்டா)

ஆறு மணலுக்குள் ஓடுகிறது. நந்தி மலையில் பிறந்து வயலூர் அருகே கடலில் சேரும் வரை, பாலாற்றின் பெரிய சேமிப்பு இந்த மணல்தான். மேல் மணல் காய்ந்ததும் அதுவே கீழே உள்ள நீருக்கு மூடியாகிவிடும். வெயில் உள்ளே எட்டாது. ஊற்றுக்கால்வாய் வெட்டி நம் முன்னோர் பாசனம் செய்தது இந்த நீரை நம்பித்தான். ஆற்றை விட்டு விலகினால் நம் பக்கம் கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்குவது சொற்பம். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதே, அதில் நமக்கு மிஞ்சுவது மணல் பிடித்து வைத்த பங்கு மட்டுமே. மணலை அள்ளி அடியில் களிமண் தெரிகிற இடத்தில் அடுத்த வெள்ளம் வந்தாலும் நிற்க இடமில்லை. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மழைநீர் சுத்தமானது என்கிறீர்கள். எங்கள் கிணறு ஏன் உப்புக் கரிக்கிறது? (வாணியம்பாடி)

தண்ணீர் ஆவியாகும்போது உப்பைக் கீழேயே விட்டுவிடும். தோல் தொழிற்சாலைக் கழிவோடு மண்ணில் இறங்கிய உப்பும் அப்படித்தான் தங்கிவிட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது இந்தப் பகுதி வழக்கில்தான். மண்ணை அலசி உப்பை வெளியேற்ற ஆறு கடல்வரை ஓட வேண்டும். நம் ஆறோ அபூர்வமாகத்தான் ஓடுகிறது. அதனால் புதிதாக உப்பு இறங்காமல் தடுப்பதுதான் முதல் வேலை.

உலகில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறதா? (ஆற்காடு)

இல்லை. மொத்த அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதில் 97 சதவீதம் உப்பு நீர். நன்னீரிலும் பெரும்பங்கு பனிக்கட்டி.

இரண்டு ஏக்கர் மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை). ஒரு நல்ல மழையில் எவ்வளவு கிடைக்கும்? (அணைக்கட்டு)

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். 5 செ.மீ. பெய்தால் உங்கள் நிலத்தில் 4 லட்சம் லிட்டர் விழுகிறது. அதில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு செடி குடித்து இலை வழியே விடும், சரிவு இருந்தால் மீதி ஓடிப் போகும். அந்த ஓட்டத்தைத்தான் நீங்கள் மடக்க முடியும். கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். ஆடிக்கு முன்னால் வரப்பை உயர்த்துங்கள். தண்ணீர் வழிகிற மூலையில் கல் அடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் முதல் மழையிலேயே வரப்பு அங்கேதான் உடையும்.