கேக்கில் விட்டுவைத்த இடம்

அன்புள்ள ஐயா,

நிலவைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் கிரேக்கத் தெய்வம் ஆர்டமிஸின் கோயிலில் தொடங்கியது என்று ஒரு வரி வருகிறது. என் மகளுக்கு ஏழு வயதாகப் போகிறது. அவளிடம் அதைச் சொன்னேன். "அப்படின்னா ஆர்டமிஸுக்கு எத்தனை வயசு? எத்தனை மெழுகுவர்த்தி வச்சாங்க?" என்று கேட்டுவிட்டாள். தேடிப் பார்த்தால் சிலர் கிரேக்கம் என்கிறார்கள், சிலர் ஜெர்மனி என்கிறார்கள். அவளுக்கு நான் எதைச் சொல்வது? ஊதி அணைப்பதும் அதே இடத்திலிருந்து வந்ததுதானா?

க.

அன்புள்ள க.,

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை உங்கள் மகள் கேட்டிருக்கிறாள். அந்த வரி தவறு. கட்டுரையிலிருந்து அதை எடுத்துவிட்டேன்.

கிரேக்கத்தில் உண்மையில் இருந்தது இதுதான். பழைய ஏதென்ஸில் அவர்கள் நாட்காட்டியின் முனிகியோன் மாதம் 16ஆம் நாள், முழுநிலவை ஒட்டி, ஆர்டமிஸுக்கு ஒரு பணியாரம் படைப்பார்கள். அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தீப்பந்தங்கள் எரியும். பணியாரத்தின் பெயர் ஆம்ஃபிஃபோன், அதாவது இருபுறமும் ஒளிர்வது. மேற்கே நிலவு மறைவதற்குள் கிழக்கே சூரியன் எழுந்துவிடும் வேளையில் அதைக் கொண்டுபோவதால் அந்தப் பெயர் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. கிபி 200 வாக்கில் எழுதிய கிரேக்க எழுத்தாளர் அதெனேயஸ் மூலம் இது நமக்குக் கிடைக்கிறது. அழகான சடங்கு. அந்த அழகில்தான் நான் வழுக்கினேன்.

ஆனால் அதில் ஒரு மனிதரின் பிறந்தநாள் இல்லை. யாருடைய வயதையும் யாரும் எண்ணவில்லை. அதெனேயஸுக்கும், வயதுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி வைத்த கேக்கைப் பற்றி நாம் அறிந்த பழைய பதிவுக்கும் நடுவே 1,500 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று காட்டும் கண்ணி எதுவும் அந்த இடைவெளியில் கிடைக்கவில்லை. இரண்டு வழக்கங்கள் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றின் பிள்ளை ஆகிவிடாது.

அந்தப் பதிவு 1746இல் நடந்ததைச் சொல்கிறது. இடம் ஜெர்மனியில் பியூடிங்கன் அருகேயுள்ள மரியன்போர்ன். மொராவியச் சபை என்ற கிறிஸ்தவச் சபையின் தலைவர் கோமகன் ட்சின்சென்டோர்ஃபின் பிறந்தநாள் விழா. அவர் 1700இல் பிறந்தவர். இதை எழுதிவைத்தவர் ஆண்ட்ரியாஸ் ஃப்ரே. பென்சில்வேனியாவிலிருந்து இந்தச் சபையினரைத் தேடிப் போய், அவர்களுடைய ஆடம்பரம் பிடிக்காமல் விலகிவந்தவர். எந்த அடுப்பில் வேகுமோ அந்த அளவுக்குப் பெரிய கேக், வயதுக்குத் தக்கபடி அதில் துளைகள், துளைக்கு ஒரு மெழுகுவர்த்தி, அப்புறம் நடுவில் ஒன்று என்று எழுதுகிறார். குறை சொல்ல வந்தவர் சொன்னது என்பதால்தான் எனக்கு இது நம்பகமாகத் தெரிகிறது. புகழ வந்தவர் இப்படித் துளைகளை எண்ணிக்கொண்டு நின்றிருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே மரியன்போர்னில் 1747இல் ஒரு கிறிஸ்துமஸ் வழிபாட்டில், சிவப்பு நாடா சுற்றிய சிறு மெழுகுவர்த்தியைக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் கொடுத்தார்கள். கிறிஸ்டிங்கிள் என்ற வழிபாடாக அது இன்றும் தொடர்கிறது. கேக்குக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை, ஒருமுறை அப்படிச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன். ஆனால் ஒரு உயிருக்கு ஒரு சுடர் என்று நினைக்கும் பழக்கம் அந்த மனிதர்களிடம் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஜெர்மன் கவிஞர் கதே. 1801 ஆகஸ்ட் 28, அவருக்கு 52 வயது நிறைகிறது. கோத்தா நகரில் இளவரசர் ஆகஸ்டின் விருந்தாளியாக இருக்கிறார். சாப்பாட்டின் கடைசியில் பணியாளர்கள் வரிசையாக வருகிறார்கள். முன்னால் வருபவர் கையில் பெரிய கேக், அதன்மேல் ஐம்பதை நெருங்கும் வண்ண மெழுகுத்திரிகள். அவை ஒன்றையொன்று உருக்கி விழுங்கிவிடும்போல் எரிந்தன என்று கதே பின்னாளில் எழுதினார். நெருக்கமாக நட்டால் அப்படித்தான் ஆகும், ஒரு சுடரின் வெப்பமே பக்கத்து மெழுகை இளக்கிவிடும். அதோடு அவர் ஒன்று சேர்த்தார்: குழந்தைகளின் விழாக்களில் இன்னும் வரவேண்டிய ஆயுள் மெழுகுவர்த்திகளுக்குப் போதிய இடம் மீதி இருக்கும்.

இந்த ஒரு குறிப்பை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது. ஜெர்மனியில் அப்போதே இது குழந்தைகளுக்கு உரிய வழக்கமாகப் பழகிப்போயிருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. அதைவிட, எரியும் மெழுகுவர்த்திகளை மட்டுமல்ல, கேக்கில் காலியாக இருந்த இடத்தையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நடுவில் வைக்கும் அந்தக் கூடுதல் மெழுகுவர்த்தியை ஜெர்மானியர் லேபன்ஸ்லிஷ்ட் என்பார்கள், உயிரொளி என்று சொல்லலாம். வயதுக்கு ஒன்று வைத்து, உயிருக்கென்று ஒன்று. ஆர்டமிஸின் தீப்பந்தங்களில் இல்லாதது இந்த எண்ணிக்கைதான். பிறந்தநாள் கேக்கை நான் ஒரு புதிய கண்டுபிடிப்பு என்று நினைப்பதற்குக் காரணமும் அதுவே.

கோமகனுக்கும் இளவரசருக்கும் கட்டுப்படியானது எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. தேன்மெழுகு விலை அதிகம். கொழுப்பில் செய்தது மலிவு, ஆனால் புகையும், நாறும். 1820களில் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் கொழுப்பை ஆராய்ந்ததிலிருந்து, கொழுப்பிலிருந்து பிரித்த கெட்டிப் பொருளால் செய்யும் ஸ்டியரின் மெழுகுவர்த்தி வந்தது. 1834இல் ஜோசப் மார்கனின் மெழுகுவர்த்தி வார்ப்பு இயந்திரம், 1850களில் பாரஃபின் என்ற மலிவான மெழுகு. அதற்குப் பிறகு சாதாரணக் குடும்பமும் நாலைந்து மெழுகுவர்த்தியைக் கவலையில்லாமல் எரிக்க முடிந்தது.

ஊதி அணைப்பது பற்றிக் கேட்டீர்கள். நான் பார்த்தவரை தெளிவான பழைய பதிவு 1881இல், சுவிட்சர்லாந்தின் நடுத்தரக் குடும்பங்களின் நம்பிக்கைகளைத் தொகுத்த குறிப்புகளில் வருகிறது. வயதுக்கு ஒன்றாக ஏற்றிய மெழுகுவர்த்திகளை, கேக்கைச் சாப்பிடும் முன் பிறந்தநாள் காண்பவர் ஊத வேண்டும். இன்றுபோல் ஒரே மூச்சில் அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக. புகை நம் வேண்டுதலைத் தெய்வத்திடம் கொண்டுசேர்க்கும் என்று பலர் எழுதுகிறார்கள், அதற்கு நான் ஆதாரம் எதையும் பார்த்ததில்லை. அவளிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

ஆர்டமிஸின் வயதை யாரும் எண்ணவில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். அவளுடைய பிறந்தநாளுக்கு ஏழு மெழுகுவர்த்தி போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் எட்டாக வாங்குங்கள். எட்டாவது நடுவில். கேக்கைச் சற்றுப் பெரியதாகவே எடுங்கள்.

அன்புடன்