நிரம்பி வழியும் மின்னஞ்சல் பெட்டியை ஒரேயடியாக அழித்துவிடலாமா?

பெட்டியில் 38,000 கடிதங்கள் படிக்கப்படாமல் கிடக்கின்றன, 15 ஜிபி இடமும் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை தினமும் வருகிறது, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 15 ஜிபி என்பதால் அது ஜிமெயில் கணக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். வங்கிக் கணக்கோ காப்பீடோ வீட்டுக் கடனோ ஏதாவது ஒன்று அந்த முகவரியோடு பின்னிக் கிடக்கும் என்றும் எண்ணிக்கொள்கிறேன். அப்படியானால் அழியுங்கள், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். ஒரேயடியாக அழித்துவிட்டு 47 நாட்கள் அலைந்தவன் நான்.

நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2019இல் விருப்ப ஓய்வு பெற்றவன். ஆகவே கீழே சொல்வதில் நுட்பப் பிழை ஏதும் இருந்தால் தெரிந்தவர்கள் திருத்தலாம். ஆனால் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்று எழுத வருபவர்கள், ஒருமுறை சார்பதிவாளர் அலுவலகத்து மர பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் குவியல் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு நம் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடத்தோடு வந்தபோது பலர் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே நினைத்தார்கள், ஏனென்றால் அப்போது ஹாட்மெயிலில் இலவசமாகக் கிடைத்தது 2 எம்பிதான். இனி எதையும் அழிக்க வேண்டியதில்லை, வேண்டும்போது தேடிக்கொள்ளலாம் என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. அழைப்பு இருந்தால்தான் கணக்குத் தொடங்க முடியும் என்றிருந்த 2005இல் என் அக்கா மகன் அழைப்பு அனுப்பி என்னைச் சேர்த்துவிட்டான். அன்று தொட்டு 17 ஆண்டுகள் நான் ஒரு கடிதத்தைக்கூட அழித்ததில்லை. 2013இல் அஞ்சலுக்கும் டிரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்துப் பொதுவாக 15 ஜிபி என்று ஆக்கினார்கள். அதுவரை விலக்காக இருந்த, கைபேசியிலிருந்து அளவு குறைத்து ஏற்றும் படங்களும் 2021 ஜூன் முதல் அதே கணக்கில் விழத் தொடங்கின. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்ஆப் காப்பும் 2024 முதல் அதே 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. எனவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அஞ்சல் பெட்டியை அன்று; சேமிப்பிடப் பக்கத்தைத் திறந்து, அந்த 15இல் அஞ்சல் எவ்வளவு, படங்கள் எவ்வளவு என்று பாருங்கள். அஞ்சல் 3 ஜிபியும் படங்கள் 11 ஜிபியும் என்றிருந்தால், 38,000 கடிதங்களை அழித்தாலும் உங்கள் எச்சரிக்கை நெடுநாளைக்கு ஓயாது.

என் கதைக்கு வருகிறேன். 2022ஆம் ஆண்டு போகியன்று, அடுக்ககத்தில் எதையும் கொளுத்தக்கூடாது என்று சங்கத்தில் முடிவாகியிருந்ததால், பரணில் இருந்தவற்றைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, மிச்சப் பொழுதில் மின்னஞ்சலையும் சுத்தம் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெட்டியில் அப்போது 41,000க்கு மேல் கடிதங்கள் இருந்தன. அனுப்புநர் வாரியாகத் தேடி அழி என்பதே எல்லோரும் சொல்லும் யோசனை. நானும் அப்படியே செய்தேன். நான் வீட்டுக் கடன் வாங்கியிருந்த வங்கியின் முகவரியைத் தேடினால் ஆயிரத்து எழுநூறு சொச்சம் கடிதங்கள் வந்தன. முதல் பக்கத்தில் இருந்த 50ஐயும் பார்த்தேன்: கார் கடன், தனிநபர்க் கடன், பண்டிகைக்காலக் கடன் அட்டைச் சலுகை. மேலே உள்ள கட்டத்தைத் தொட்டதும் 50 கடிதங்கள் தேர்வாயின. இந்தத் தேடலில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவா என்று ஒரு வரி தோன்றியது. அதையும் தொட்டேன், அழித்தேன். அழித்தும் அளவு குறையவில்லையே என்று பார்த்தால், குப்பைத் தொட்டியில் இருப்பவையும் கணக்கில் சேரும் என்று தெரிந்தது. 30 நாட்களில் அவை தாமாகவே போய்விடும், எனக்குத்தான் பொறுமையில்லை. தொட்டியையும் அன்றே காலி செய்தேன். மாலையில் மனைவியிடம் பெட்டியைத் திறந்து காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

2023 மார்ச்சில் அந்த வீட்டை விற்க ஏற்பாடு செய்தோம். வாங்குபவரின் வழக்கறிஞர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோது, 2013இல் கடனுக்காகப் பதிவு செய்த எம்ஓடி, அதாவது வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான பதிவு, அப்படியே நின்றது. கடன் 2019இலேயே ஓய்வுப் பணத்தில் அடைந்துவிட்டது, மூலப் பத்திரமும் கைக்கு வந்துவிட்டது; ஆனால் அதை நீக்கும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரி, பதிந்துவிடலாம் என்று வங்கிக்குப் போனால், கடன் முடிப்புச் சான்றைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்தச் சான்று காகிதமாக வரவே இல்லை. 2019இல் மின்னஞ்சலில் பிடிஎஃப் கோப்பாக வந்தது. பண்டிகைக்காலச் சலுகை வந்த அதே முகவரியிலிருந்து வந்தது.

வங்கியிடமே நகல் இருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் அதையேதான் கேட்டேன். நகல் இருந்தது. ஆனால் நான் கடன் வாங்கிய கிளை அதற்குள் வேறொரு கிளையோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய கடன் எண் புதிய கணினியில் ஏறவில்லை. முடித்த கடன்களின் கோப்பு சென்னையில் இருக்கிறது. அங்கிருந்து வரவழைக்கச் சான்றின் எண் வேண்டும். அந்த எண் எங்கே இருக்கும் என்றால், சான்றில்தான் இருக்கும். கடைசியில் அந்தக் கிளையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் அதிகாரி, என் பாஸ்புத்தகத்தில் கடைசித் தவணை வரவு வைத்த தேதியைக்கொண்டு தேடி எடுத்துக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும். மார்ச் 6இல் தொடங்கி ஏப்ரல் 22இல் முடிந்தது.

இது வங்கி மீது உள்ள கோபம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்; உங்கள் கேள்விக்கும் இதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது. காகிதத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று சொல்லி, பாலிசிப் பத்திரம், வருமான வரிப் படிவம், கடன் கணக்கு எல்லாவற்றையும் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுகிறார்கள். முன்பெல்லாம் பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தால், அது எத்தகையது என்று கையில் வாங்கும்போதே தெரிந்துவிடும். தெருவில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தையும் அதையும் யாரும் ஒன்றாகப் போட்டு வைக்கமாட்டார்கள். இப்போது இரண்டையும் ஒரே கையால் ஒரே முகவரியிலிருந்து அனுப்பிவிட்டு, பிரித்து எடுத்துப் பத்திரப்படுத்தும் வேலையை நம் தலையில் கட்டுகிறார்கள். துணிக்கடையில் ஒரு வேட்டி வாங்கினால்கூட ரசீது போடுவதற்கு முன் மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். கொடுத்த பாவத்துக்கு ஆடித் தள்ளுபடி ஆவணி வரை வருகிறது.

அதன்பிறகு நான் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். இதைக் கணினியில் செய்யுங்கள். கைபேசியில் விரல் நழுவும்.

அழிக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவற்றை எடுத்து வையுங்கள். வங்கி, காப்பீடு, வரி, பணியிடம், கல்லூரி என்று உங்களுக்கு ஆவணம் அனுப்பக்கூடிய ஒவ்வொருவரின் பெயரையும் தேடி, அவற்றில் இணைப்புக் கோப்பு உள்ளவற்றை மட்டும் வடிகட்டுங்கள். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சிறு கோடுகளைத் தொட்டால் ஒரு படிவம் திறக்கும், இணைப்பு உண்டா என்ற கட்டம் அதிலேயே இருக்கிறது. எனக்கு 1,700 இருந்த இடத்தில் இப்படி வடிகட்டியிருந்தால் நூற்றுக்கும் குறைவாகவே வந்திருக்கும். அரை மணி நேரத்தில் பார்த்து முடித்திருப்பேன். அவற்றுக்கு ஒரு லேபிள் ஒட்டுங்கள். என்னுடைய லேபிளின் பெயர் "பீரோ". பிறகு, நம் தரவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட் மூலம் அந்த ஒரு லேபிளை மட்டும் தரவிறக்கி வெளியே ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது எம்பாக்ஸ் என்ற வடிவில் வரும், அதைத் திறக்கத் தனி மென்பொருள் வேண்டும். ஆகையால் மிக முக்கியமான பத்து இருபது பிடிஎஃப் கோப்புகளைத் தனித்தனியாகவே இறக்கி வைப்பது நல்லது. கடவுச்சொல் போட்ட கோப்பாக இருந்தால் அதன் கடவுச்சொல் என்ன என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும் என்று ஒருவர் வைப்பார், பான் எண் என்று இன்னொருவர் வைப்பார். ஐந்து ஆண்டு கழித்து எது எதற்கு என்று நினைவிருக்காது.

இடம் பிடிப்பவை எவை என்று தேடுவது அடுத்த வேலை. அதே படிவத்தில் அளவு என்ற இடத்தில் 10 எம்பிக்கு மேல் என்று குறியுங்கள். எனக்கு 312 கடிதங்கள் வந்தன. போகிக்குப் பிறகு மிஞ்சியிருந்த பெட்டியில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அவற்றை அழித்ததும் ஏறத்தாழ 5 ஜிபி விடுபட்டது. போகியன்று நான் நாள் முழுவதும் உட்கார்ந்து அழித்த 29,000 விளம்பரக் கடிதங்களால் 2 ஜிபிகூடக் குறையவில்லை என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 312இல் என்ன இருந்தது என்றால், என் பெரிய மைத்துனரின் மணிவிழாப் படங்கள், அதே படங்களை மூன்று பேர் தனித்தனியாக அனுப்பிய கடிதங்கள், பிறகு எங்கள் அடுக்ககச் சங்கத்தின் வரவு செலவு. லிஃப்ட் பராமரிப்பு ரசீது ஒன்றை, கறுப்பு வெள்ளையில் எடுத்தால் 200 கேபியில் முடிந்திருக்கும் ஒரு பக்கத்தை, முழு வண்ணத்தில் ஸ்கேன் செய்து 18 எம்பிக்கு ஊதி அனுப்பியிருந்தார்கள். அனுப்பியது யார் என்று பார்த்தால் நான்தான். நான்கு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். அனுப்பியவையும் உங்கள் இடத்திலேயே கிடக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போதாததற்கு, அஞ்சலில் போகும்போது கோப்பு எழுத்து வடிவுக்கு மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு வேறு பெருத்துவிடும்.

ஒரே உரையாடலாகக் கோக்கப்பட்ட கடிதங்களில் மட்டும் கவனமாக இருங்கள். மேலே தெரிவது ஒரு வரி "நன்றி" ஆக இருக்கலாம், அதற்குக் கீழே உங்கள் பணி நியமன ஆணை இருக்கலாம். வெளியிலிருந்து தேர்ந்து அழித்தால் முழுக் கோவையும் போகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு விளம்பரங்களை அள்ளி எறியுங்கள், அதற்கு நான் தடை சொல்லமாட்டேன். இனி வராமலிருக்க அன்சப்ஸ்கிரைப் செய்யலாம். நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000க்கு மேல் அனுப்பும் நிறுவனங்கள், விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தரவேண்டும் என்று 2024இல் விதி வந்தபிறகு இது எளிதாகிவிட்டது. கேள்விப்படாத பெயரிலிருந்து வந்தால் மட்டும் அதைத் தொடாதீர்கள், ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள். தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். குப்பைத் தொட்டியை 30 நாளும் அப்படியே விட்டுவையுங்கள். இடம் முற்றிலும் நிரம்பிவிட்டால் உங்களுக்கு வரும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும், உங்களிடம் சுவடே இராது என்பதால், அந்த நிலையில் இருந்தால் மட்டும் பெரிய கோப்புகளைப் பார்த்துவிட்டுத் தொட்டியிலிருந்தும் நீக்குங்கள்.

மாதச் சந்தா கட்டி இடத்தை விரித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். கட்டுகிறவர்கள் கட்டட்டும், அது தவறென்று நான் சொல்லவில்லை. மணிவிழாப் படங்களின் மூன்று பிரதிகளுக்கு வாடகை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என் பெட்டியில் 2,300 கடிதங்கள் இருக்கின்றன, 4 ஜிபிக்கும் குறைவு. வீட்டை விற்று இவ்வளவு நாளாகியும் அடுக்ககச் சங்கத்தின் பட்டியலிலிருந்து என் முகவரியை அவர்கள் நீக்கவில்லை. சென்ற வாரம்கூடப் புதிய பொருளாளர் தண்ணீர்த் தொட்டி கழுவிய ரசீதை அனுப்பியிருந்தார். வண்ணத்தில், 19 எம்பி. பழைய பொருளாளர் என்ற முறையில் அவரிடம் எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பேசாமல் அழித்துவிட்டேன்.