எங்கே நோகிறது என்று கேட்ட அரசி

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டாணியும் இளவரசியும் கதையை, பட்டாணியைப் பயறாக்கி, நாற்சார் வீடொன்றுக்குள் கொண்டுவந்து எழுதியிருந்தீர்கள். என் எட்டு வயது மகளுக்கு வாசித்துக் காட்டினேன். யாராவது குரலை உயர்த்தினாலே அழுபவள். வீட்டில் அவளுக்குத் 'தொட்டாற்சுருங்கி' என்று பெயர். கதை முடிந்ததும், "அம்மா, அது நான்தானே?" என்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. ஷெல்லுக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு பயறு உறுத்தியதற்கு அழுகிறவளை நாயகியாக்கினால், இவள் நாளைக்கு எதைத் தாங்குவாள்?

ஒரு தாய், கொக்குவில்

அன்புள்ள தங்கைக்கு,

மகளிடம் "ஓம், நீதான்" என்று சொல்லிவிடுங்கள்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் 1835 இல் வெளியிட்ட கதையில் அந்தப் பெண்ணுக்கு நடப்பது ஒரு பரீட்சை. பட்டாணியின் மேல் இருபது மெத்தைகள், அவற்றின் மேல் இருபது இறகுப் படுக்கைகள். உடம்பெல்லாம் கன்றி எழுந்தவளை உண்மையான இளவரசி என்று ஒப்புக்கொண்டு கலியாணம் செய்துவைக்கிறார்கள். பட்டாணி அரும்பொருட்சாலைக்குப் போகிறது. கன்றிய உடம்புக்கு யாரும் எண்ணெய் தடவியதாகக் கதையில் ஒரு வரியும் இல்லை. பல காலமாக என்னை உறுத்திய இடம் அது. அதனால்தான் என் அரசி "எங்கே நோகிறது?" என்று கேட்டுவிட்டு, விடியும்வரை நாற்பதையும் ஒவ்வொன்றாக இறக்குகிறாள்.

1990 இல் எங்கள் வளவில், பூவரசுக்குப் பக்கத்தில், பனங்குற்றி போட்டு மூடிய பதுங்கு குழி இருந்தது. எங்கள் வீட்டுத் தொட்டாற்சுருங்கி என் சின்னத் தங்கை. ஆட்டுக்குட்டி கத்தினால் அவளுக்குச் சோறு இறங்காது. குண்டுபோட வரும் பொம்மர் விமானத்தின் இரைச்சலும் அவளுக்குத்தான் முதலில் கேட்கும். கிணற்றடியில் நாங்கள் சிரித்துக்கொண்டு நிற்க, கயிற்றை இழுத்த அவள் கை பாதியில் நின்றுவிடும். அந்தக் கையைப் பார்த்துத்தான் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓடுவார். குழிக்குள் இறங்கியதும், "ஏன் இப்படி நடுங்குகிறாய்?" என்று அவளையே அதட்டினோம். அதற்காக இன்றுவரை அவளிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. இதை எழுதும்போது மனம் கூசுகிறது.

நாங்கள் தாங்கினோம் என்று சொல்வதில் பாதி, வாய் திறக்காமல் இருந்ததுதான். திருவிழா வெடிச்சத்தத்துக்கு எங்கள் அண்ணா இன்றும் கதிரையை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். ஏனென்று அவர் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

உங்கள் மகள் சொல்கிறாள். கேட்க நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். சில நாள்களில் எங்கே நோகிறது என்று அவளுக்கே தெரியாது. அவசரப்படுத்தாதீர்கள், நாற்பது மெத்தைகளை இறக்க நேரம் எடுக்கும்.

அவளிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். கண்டெடுத்த பயற்றை அரசி என்ன செய்திருப்பாள்? அதை நான் கதையில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.