ஒப்பந்த இடைவெளி: கிருஷ்ணகிரி நண்பருக்கு ஒரு பதில்

வணக்கம் நண்பரே. பெங்களூரு நிறுவனத்துடனான மென்பொருள் சோதனை ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதமாகியும் கடைசி பில்லுக்குப் பணம் வரவில்லை என்றும், வீட்டுச் செலவுக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நகையில் இப்போது கை வைக்க வேண்டாம். முதலில் வரவேண்டிய பணத்தை வசூலிக்கப் பாருங்கள்.

வேலை செய்த காலத்திலேயே உங்களிடம் உத்யம் பதிவு (சிறு தொழில் செய்வோருக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்திருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு நீண்ட கெடு எழுதியிருந்தாலும், நீங்கள் முடித்துக் கொடுத்த வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் அந்த நிறுவனம் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி சேரும். பில் எண், தேதி, வேலையை ஏற்றதாக அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்து, அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் பணிவாகக் குறிப்பிட்டு, அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு இன்றே எழுதுங்கள். பதிவு இல்லையென்றால் அடுத்த ஒப்பந்தத்துக்கு முன்பாவது செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

முந்தைய பில்களில் பிடித்த டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டவேண்டிய வரியைவிட அது அதிகமானால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தபின் மிச்சம் திரும்பி வரும்.

பெங்களூருவில் அறை எடுத்து வேலை தேடுவது வீண் செலவு என்பது என் கருத்து. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான் என்பதால், நேர்காணலுக்குக் காலைப் பேருந்தில் போய் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். அடுத்த ஒப்பந்தத்தில், அதை முடித்துக்கொள்வதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.