டிரெய்னர் கிட்டில் வராத இரைச்சல்

அன்புள்ள சார்,

மூன்றாம் ஆண்டு பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன். லேபில் சர்க்யூட் தயாராகப் பொருத்தி வரும் டிரெய்னர் கிட்டில் பேட்ச் கார்டு என்ற இணைப்பு வயரைச் செருகி, ஸ்கோப்பில் தெரியும் இ.சி.ஜி. அலையை ரெக்கார்டு நோட்டில் வரைகிறோம். அலை வருவதோ உடம்பிலிருந்து அல்ல, சிமுலேட்டரிலிருந்து. செய்முறைக் கல்வி என்பது இவ்வளவுதானா? நாங்களாகவே ஏதாவது செய்து பார்க்கலாமா?

– ஒரு மாணவி, கோவை

அன்புள்ள மாணவிக்கு,

கிட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வகுப்பையே இரண்டு மணி நேரத்தில் முடித்து அனுப்ப வேண்டிய ஆசிரியருக்கு வேறு வழியில்லை. ஆனால் இ.சி.ஜி.யில் எது கஷ்டமோ அதையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் கிட்டை விற்கிறார்கள்.

நீங்களாகவே தாராளமாகச் செய்யலாம், இ.சி.ஜி. சர்க்யூட்டையே கட்டிப் பாருங்கள். சிறிய சிக்னலைப் பெருக்கும் ஏ.டி.620 என்ற ஐ.சி.யை பிரெட்போர்டில் குத்துங்கள். எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை ஒரே ரெசிஸ்டர் தீர்மானிக்கும். 470 ஓம் போட்டால் 100 மடங்குக்குச் சற்று மேல். இதயத்தின் சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட்தானே, எடுத்த எடுப்பில் 100 வைப்போம் என்று தோன்றும். வைத்தால் பல நேரம் அலை வராது, கோடு உச்சியில் ஒட்டிக்கொள்ளும். உடம்பில் ஒட்டும் எலக்ட்ரோடு தோலைத் தொடுமிடத்தில் ஒரு டி.சி. வோல்டேஜ் உருவாகிறது. 300 மில்லிவோல்ட் வரை அதைத் தாங்க வேண்டும் என்பது இ.சி.ஜி. கருவிகளுக்கான விதி. அதையும் நூறால் பெருக்கினால் 30 வோல்ட். உங்களிடம் இருப்பதோ 9 வோல்ட் பேட்டரி. அதனால்தான் முதலில் 5.6 கிலோ ஓம் போட்டு 10 மடங்கோடு நிறுத்தி, டி.சி.யை வடிகட்டிவிட்டு, அப்புறம் மிச்சத்தைப் பெருக்குகிறார்கள்.

அதைத் தாண்டினால் மெயின்ஸ் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். அறையின் மின்வயர்களிலிருந்து ஏறும் இரைச்சல் திரையை அடைத்துக்கொள்ளும். எலக்ட்ரோடிலிருந்து வரும் லீட் வயர்களை ஒன்றோடொன்று முறுக்குங்கள், கொஞ்சம் குறையும். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து எலக்ட்ரோடைப் புதிதாக ஒட்டுங்கள், இன்னும் குறையும். உடம்பில் ஏறிய இரைச்சலைத் தலைகீழாக்கி, நடுவே சில நூறு கிலோ ஓம் வைத்து, வலது கால் வழியே திருப்பி அனுப்பினால் பெருமளவு அடங்கிவிடும். எந்தப் படியில் எவ்வளவு குறைந்தது என்று குறித்துவையுங்கள். நேர்முகத் தேர்வில் நான் கேட்பது அதைத்தான்.

ஒரு கண்டிப்பு: மெயின்ஸில் செருகிய எதோடும் உடம்பை இணைக்கக் கூடாது, லேப் ஸ்கோப் உட்பட. பேட்டரி சர்க்யூட், பேட்டரியில் ஓடும் கையடக்க ஸ்கோப், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர். தனியாக வேண்டாம்.

செமஸ்டர் லீவில் கல்லூரிக் கடிதத்தோடு ஏதாவது மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். பழுது என்று வரும் இ.சி.ஜி. மெஷினில் அங்கே முதலில் சோதிப்பது போர்டை அல்ல, லீட் வயரை.